“கார்ட் செத்துப்போச்சு அண்ணா”: பழைய பெட்டிக்கு லினக்ஸ் போடக் கொடுத்த கதை

நான் உப்புவெளியில் இருக்கிறேன். வீட்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டொப். 2025 அக்டோபர் 14 ஓடு விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறைப் புராசசராவது, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடுவோம் என்று திருகோணமலை டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. “அண்ணா, உங்கட வைஃபை கார்ட் செத்துப்போச்சு. பெட்டியும் பழசுதானே, டிஸ்பிளேக்குத் தனி கார்ட் போட்டால்தான் லினக்ஸ் நல்லா ஓடும்.” நம்பினேன். கூலி 3,500, யூஎஸ்பி வைஃபை 4,000, பாவித்த ஜிஃபோர்ஸ் 210 கார்ட் 9,000. பில் கேட்டதற்குத் துண்டுக் கடதாசியில் கூட்டி எழுதித் தந்தார்கள். பழைய வைஃபை கார்டை மட்டும் ஏதோ நினைப்பில் கையோடு வாங்கி வந்தேன்.

வீட்டில் யூடியூப் விக்கி விக்கி ஓடியது. ஸ்லீப்புக்குப் போன பெட்டி திரும்ப எழும்பவில்லை. லீவில் வந்த மருமகன் மூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். “மாமா, முதல் இருந்ததே நல்லது.”

அவன் சொன்னது இதுதான். ஐ5க்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸுக்கான டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு வருகிறது. எதையும் தேடிப் போடத் தேவையில்லை. ஜிஃபோர்ஸ் 210க்கான 340 வரிசை டிரைவரை என்விடியா 2019 ஓடு கைவிட்டுவிட்டது. மிச்சம் நூவோ என்ற திறந்த மூல டிரைவர்தான். அது இந்தக் கார்டைத் தானாக முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. கார்டைக் கழற்றி, மொனிட்டர் வயரை மதர்போர்டில் செருகினோம். வீடியோவும் சரி, ஸ்லீப்பும் சரி.

அடுத்து அந்த ‘செத்த’ கார்ட். அதை மாட்டி, பெட்டிக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்ததும் பிராட்கொம் 4318 என்று பெயரே வந்தது. செத்த கார்ட் பெயர் சொல்லுமா? அந்தச் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருளான ஃபேர்ம்வெயாரை லினக்ஸோடு சேர்த்துக் கொடுக்க உரிமம் இடம் தருவதில்லை, தனியாக இறக்க வேண்டும். போனை யூஎஸ்பியில் செருகி, அதன் டேட்டாவில் பி43 ஃபேர்ம்வெயார் பொதியைப் போட்டான். பத்து நிமிடம்.

கடைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் லினக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதி, இன்ஸ்டோல் செய்யாமலே பூட் செய்து வைஃபை, சத்தம், வீடியோ எல்லாவற்றையும் பாருங்கள். அதில் ஓடும் ஒன்றை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். எதையாவது செத்துவிட்டது என்றால், எல்எஸ்பிசிஐ அல்லது, யூஎஸ்பி சாதனமென்றால், எல்எஸ்யூஎஸ்பி (lsusb) பட்டியலைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கழற்றியதைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள்.

நான் மறுபடி கடைக்குப் போனேன். “லினக்ஸ் எண்டால் அப்பிடித்தான் அண்ணா” என்றார் தம்பி. 9,000 ரூபாக் கார்டை 3,000க்குத் திருப்பி எடுத்தார். யூஎஸ்பி வைஃபையை எடுக்கவே இல்லை.