கப்பா, பட அட்டையா?

பார்க்கும் இடம் மாறினால் உருவமும் மாறும் என்பதை 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எது தோது: நிஜக் கப்பா, அதைப் பல பக்கத்திலிருந்து எடுத்த பட அட்டைகளா?

செலவு: பொருளுக்குச் சமையலறையே போதும். அட்டைக்குப் படம் எடுத்து அச்சடிக்க வேண்டும்.

தேர்வு: பந்து வேண்டாம், எங்கிருந்து பார்த்தாலும் வட்டம்தான். கைப்பிடி வைத்த கப் நல்லது. மேலிருந்து வட்டமும் ஒரு குச்சியும். பக்கவாட்டில் காது மாதிரி வளையம். கைப்பிடிக்கு நேரே நின்றால் நடுவில் ஒரு பட்டை. எதிர்ப்பக்கம் போனால் கைப்பிடியே காணோம்.

சறுக்கும் இடம்: நின்றபடி பார்க்கும் பிள்ளைக்குக் கப்பின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். கப்பைத் திருப்பாதீர்கள், பிள்ளை சுற்றி வரட்டும். அட்டை என்றால் உருவத்தைப் பார்க்காமல் நிறத்தை வைத்தே ஜோடி சேர்த்துவிடுவார்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடியுங்கள். மிக அருகில் எடுத்த படத்தில் உருவம் கோணும். 1 மீட்டராவது தள்ளி நின்று எடுங்கள்.

சோதிக்க: அட்டைதான் மேல். கப்புக்கு அந்தப் பக்கம், பிள்ளைக்கு எதிரே பொம்மையை உட்காரவைத்து, “பொம்மைக்கு எது தெரியும்?” என்று 4 அட்டைகளை நீட்டுங்கள். தனக்குத் தெரிவதையே காட்டினால் திட்ட வேண்டாம். உளவியலாளர் பியாஜே மூன்று மலைகளின் மாதிரியை வைத்து, வேறு பக்கம் இருக்கும் பொம்மைக்கு எது தெரியும் என்று கேட்ட சோதனையிலும் சிறு பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். பொம்மைக்குப் பின்னால் போய் நின்று பார்க்கட்டும்.

5 வயதுக்குக் கீழே கப் மட்டும் போதும். 40 பேர் வகுப்பில் சுற்றிவர இடமேது? அங்கே நான்கு பேருக்கு ஒரு கப், ஒரு கட்டு அட்டை.