சியாம் களையும் முடிச்சு ஈயும்: பாலிக் புலாவ் தோட்ட அனுபவம்

பினாங்கின் பாலிக் புலாவில், மலைச்சரிவில் உள்ள எங்கள் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டத்தில் வெயில் படும் ஓரங்களையெல்லாம் சியாம் களை, அதாவது மலாய்க்காரர்கள் சொல்லும் போக்கோக் கப்பால் தெர்பாங், பிடித்திருந்தது. பாராங் கத்தியால் வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். பாராகுவாட் களைக்கொல்லியும் மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. இந்நிலையில்தான் களையின் கொம்புகளில் ஆங்காங்கே முடிச்சுகள் தென்படத் தொடங்கின.

அவை செசிடோகாரெஸ் கொனெக்ஸா என்னும் ஈயின் வேலை. கொலம்பியாவிலிருந்து 1993-இல் இந்தோனேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பயிர்களைத் தாக்காது என்று சோதித்தறிந்த பின்னர், 1995-இல் வட சுமத்திராவில் விடப்பட்ட ஈ இது. பெண் ஈ களையின் இளந்துளிர் மொட்டில் முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் குடைந்து செல்ல, அந்த இடம் வீங்கிக் கட்டையாகிறது. ஒரு முடிச்சை நெடுக்கில் பிளந்து பார்த்தபோது, வெளிறிய புழுக்கள் தனித்தனி அறைகளில் இருந்தன. கூட்டுப்புழுவாகும் முன் புழு வெளித்தோலை மட்டும் விட்டுவைத்து ஒரு வட்டச் சாளரத்தை அமைத்துக்கொள்கிறது. வளர்ந்த ஈ அவ்வழியே வெளியேறும். முட்டை முதல் ஈ வரை ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

இந்த ஈ பழ ஈக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றதும், "அண்ணே, என் கொய்யாவுக்கு வந்துவிடாதா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் பதறினார். கொய்யாவைக் கெடுப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் இனம். இந்த ஈக்குப் பழமே வேண்டாம்.

பலன் உண்டு, ஆனால் மெதுவாகத்தான் தெரியும். முடிச்சு மிகுந்த செடி உடனே சாவதில்லை. சத்து முடிச்சுக்கே போவதால் குட்டையாகிறது, பூவும் விதையும் குறைகின்றன. எங்கள் தோட்டத்தில் ஓரப் புதர்கள் ஆண்டுக்காண்டு மெலிந்து, இடையில் புல் தலைகாட்டுகிறது. ஒரே மாதத்தில் நிலம் சுத்தமாக வேண்டும் என்பவருக்கு இது உதவாது. அடிக்கடி வெட்டும் பாதையோரத்தில் முடிச்சுகளே அரிது. ஈ வளர்ந்து வெளிவரும்வரை கொம்பு நிற்க வேண்டுமல்லவா?

அதனால் பாதையை மறிப்பவற்றை மட்டும் வெட்டுகிறோம். சாளரம் தெரியும் கொம்புகளை எரிப்பதில்லை. ஈ அங்கும் பரவட்டும் என்று, முடிச்சு இன்னும் தென்படாத புதர்களின் அடியில், வெயில் நேரடியாகப் படாமல் அவற்றைச் சாய்த்து வைக்கிறோம்.