தொடங்குவது சுலபம், நிறுத்தினால் என்ன ஆகும்? வயதாகும் முகத்துக்கும் முடிக்கும் உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

ஹேர் டை போடுவதை நான் நிறுத்தியதற்குக் காரணம் துணிச்சல் இல்லை, அரிப்பு. 11 வருடமாக ஒரே டையைப் போட்டுவந்தவள். ஒரு நாள் காலையில் நெற்றியோரம் தடித்து, இமை வீங்கி, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தோல் மருத்துவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார், பிபிடி அலர்ஜி என்று. கறுப்பு டைகளில் நிறம் நிற்பதற்காகச் சேர்க்கும் ரசாயனம் அது. "இத்தனை வருஷம் ஒத்துக்கிட்டதே டாக்டர்" என்றேன். "அலர்ஜி அப்படித்தாம்மா, பழகப் பழகத்தான் வரும்" என்றார்.

உண்மையான சோதனை அப்புறம்தான் தொடங்கியது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். தோளுக்குக் கீழே தொங்கும் முடி வேரிலிருந்து நுனிவரை மாற இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை மண்டையில் ஒரு கோடு: மேலே வெள்ளை, கீழே கறுப்பு. பார்க்கிறவர்களின் கண் முதலில் அந்தக் கோட்டுக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வரும்.

டையைத் தொடங்கியபோது நான் விசாரித்தது நிறம் எத்தனை நாள் நிற்கும், முடி கொட்டுமா என்பதை மட்டும்தான். விடும்போது என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதனால் வயதோடு வரும் நரை, சுருக்கம், திட்டு, தொய்வு இவற்றுக்கு உள்ள வழிகளை இப்போது அந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எது அதிகம் பலன் தரும் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். எதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில், எது மாறுகிறது

தோலுக்கு இறுக்கம் தரும் கொலாஜன் இளமை முடிந்ததிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முதல் 5 வருடத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. "திடீரென்று கிழவியாகிவிட்டேன்" என்று சில பெண்கள் சொல்வது வெறும் பிரமை இல்லை. தோலுக்கு அடியில் கொழுப்பு மெலிந்து இடம் மாறுகிறது, முக எலும்பும் சற்றே தேய்கிறது. கன்னம் இறங்குவதற்குப் பெரிய காரணங்கள் இந்த இரண்டும். எந்தக் கிரீமும் அதுவரை போய்ச் சேராது.

கறுத்த, மாநிறத் தோலுக்குச் சுருக்கம் தாமதமாக வரும். ஆனால் மங்கு, கரும்புள்ளி, நிறம் சீராக இல்லாமல் போவது எல்லாம் முன்னாடியே வந்துவிடும். வெள்ளைத் தோலுக்காக எழுதிய ஆலோசனைகளில் முக்கால்வாசி சுருக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. நம் நிறத்துக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் கவலைப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ கவலைப்படுவோம்.

டையா, மருதாணியா, நரையா

நரைத்த முடியை எண்ணெயோ மாத்திரையோ கறுப்பாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முடியின் வேர்ப்பையில் நிறமிச் செல்களைத் தரும் ஆதாரச் செல்கள் வற்றுவதால் வரும் நரை அது. பூசித்தான் மறைக்க முடியும்.

சுத்தமான மருதாணி வெள்ளை முடியைச் செம்பட்டை ஆக்கும், கறுப்பாக்காது. "கறுப்பு மருதாணி" என்ற பெயரில் வருவதில் அந்தப் பிபிடியே கலந்திருக்கலாம். பெயரைப் பார்த்து இயற்கையானது என்று நினைத்து வாங்கி, என்னைப் போலவே வீங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். டை போடுகிறவர்கள் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும். நான் 11 வருடத்தில் செய்தது முதல் தடவை மட்டும்.

டை தரும் பலனை மறுக்க மாட்டேன். 61 வயது அக்கா இன்னும் டைதான். தினம் புது ஆட்களைச் சந்திக்கும் வேலை அவளுக்கு. "நரைச்சா அனுபவம்னு ஆம்பளைங்களுக்குச் சொல்லுவாங்க, எனக்கு ரிட்டயர்மென்ட் எப்பன்னு கேப்பாங்க" என்பாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொல்ல முடிவது ஒன்றுதான்: டை மாதாமாதம் கட்டும் சந்தா, நிறுத்தினால் அந்தக் கோடு வரும். கோட்டைத் தாண்ட முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், அல்லது கறுப்பிலிருந்து பழுப்புக்குப் படிப்படியாக இறங்கி வெள்ளையும் நிறமும் ஒன்றோடொன்று கலக்கும்படி செய்யலாம். நான் வெட்டிக்கொண்டேன். ஆறு மாதத்தில் கோடு நுனிக்கு வந்துவிட்டது. முதல் நாளே வெட்டியிருக்கலாம்.

சன்ஸ்கிரீன், ரெட்டினாய்டு, அப்புறம் அந்த "மாயக் கிரீம்"

கிரீம்களில் நான் முதலில் வைப்பது சன்ஸ்கிரீனை. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 55 வயதுக்குக் கீழ்ப்பட்ட 903 பேரை வைத்துப் பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், தோன்றியபோது பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாக மூப்படைந்திருந்தது. இன்னொன்றை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகப்படத்தை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 2012இல் வெளியிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தொங்கி, வரி வரியாகக் கிடக்கிறது. வலது கன்னம் பத்துப் பதினைந்து வயது இளையவருடையது போல இருக்கிறது. கண்ணாடி ஜன்னல் தோலைச் சுடும் யூவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், தோலை மூப்பாக்கும் யூவிஏவை உள்ளே விட்டுவிடும். வீட்டுக்குள்தானே இருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீனை வாங்குவது நல்லது. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். கறுத்த தோலில் அந்த வெளிச்சமே திட்டை அதிகமாக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூச வேண்டும். பெரும்பாலோர் பூசுவது அதில் கால்வாசியிலிருந்து பாதிவரைதான். நிறுத்தினால்? இதுவரை காப்பாற்றியது போய்விடாது, அன்றிலிருந்து புதுச் சேதம் சேரத் தொடங்கும். இவ்வளவு நேர்மையான கணக்கு இந்தப் பட்டியலில் வேறு எதற்கும் இல்லை.

அடுத்தது டிரெட்டினாயின், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்து. 1971இல் பரு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பருவுக்காகப் போட்டவர்களின் தோல் வழவழப்பானதைக் கவனித்து, ஆல்பர்ட் கிளிக்மன் குழு 1980களில் வெயிலில் மூப்படைந்த தோலில் சோதித்தது. 1995இல் மெல்லிய சுருக்கங்களுக்கும் அனுமதி கிடைத்தது. கடையில் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் ரெட்டினால் இதன் சாதுவான உறவுக்காரி. தோலுக்குள் போய் இரண்டு படி மாறினால்தான் ரெட்டினால் டிரெட்டினாயினாக வேலை செய்யும், அதனால் பலனும் மெதுவாக வரும், எரிச்சலும் குறைவு. இரண்டையும் இரவில் பட்டாணி அளவுதான் பூச வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் தொடக்கூடாது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்தது மெல்ல மெல்லக் கரையும், தோல் கோபித்துக்கொள்ளாது.

இனி அந்த மாயக் கிரீம். மங்கு போக, நிறம் வெளுக்க என்று கைமாறி வரும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சிலவற்றில் பாதரசம்கூட. டிரெட்டினாயினோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் நேர் எதிர். டிரெட்டினாயின் முதல் மாதம் உரித்து, சிவக்க வைத்து, நம்மை அழவைக்கும், பிறகு பலன் தரும். ஸ்டீராய்டு முதல் வாரமே முகத்தைப் பளபளவென்று ஆக்கிவிடும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினாலோ எரியும், கொதிக்கும், திட்டு முன்னைவிடக் கறுக்கும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். என் அளவுகோலில் கடைசி இடம் இதற்குத்தான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தாங்களாக ஒரே நாளில் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கிரீம் டியூபோடு போய் நிற்பது நல்லது.

கொலாஜன் பொடி? குடித்தால் வயிறு அதையும் மற்ற புரதம் போலவே உடைத்துவிடுகிறது. நல்ல பலன் சொன்ன ஆய்வுகளில் பலவற்றுக்கும் விற்கிறவர்களின் பணம் போயிருக்கிறது. நிறுத்தினால் எதுவும் ஆகாது, பணம் மிஞ்சும்.

ஊசியும் லேசரும்

1987இல் கனடாவில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை துடிக்கும் நோய்க்கு, தசையை ஓயவைக்கும் போட்டுலினம் என்ற நச்சை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார். புருவ நடுவில் போடவில்லையே என்று ஒரு நோயாளி குறைப்பட்டுக்கொண்டாராம், அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் தெரிகிறது என்று. ஜீனும் தோல் மருத்துவரான கணவர் அலஸ்டரும் அதிலிருந்து வளர்த்தெடுத்ததுதான் இன்றைய போடாக்ஸ் சிகிச்சை. புருவ நடு வரிகளுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் வந்தது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மருந்து தடுக்கிறது, தசை ஓய்கிறது, வரி மறைகிறது. மூன்று நான்கு மாதம் நிற்கும்.

நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகும் என்பது வெறும் பயம். பழைய இடத்துக்குத்தான் திரும்பும். ஆனால் வரியில்லாத நெற்றியையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பழைய இடமே மோசமாகத் தெரியும். இந்த ஊசியின் உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஃபில்லர் வேறு ரகம். போடாக்ஸ் தசையை ஓயவைக்கும், ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். ஹையலுரானிக் அமில ஃபில்லர் என்றால் பிடிக்காவிட்டால் ஹையலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக் கரைக்கலாம், இப்படி ஒரு பின்வாசல் இருப்பது பெரிய விஷயம். அரிதாக அது ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டால் தோல் அழுகும், பார்வையே போகலாம். கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருக்கும், முகத்தின் உடற்கூறு தெரிந்த மருத்துவரைத் தவிர வேறு யாரிடமும் இதற்காக முகத்தை நீட்டக்கூடாது.

லேசருக்கு நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. பட்டது பட்டதுதான். கறுத்த தோலில் சூடு அதிகமானால் போக்க வந்த திட்டைவிடப் பெரிய திட்டு வரும், மறைய மாதக்கணக்கில் ஆகும். நம் நிறத்தில் அனுபவமுள்ளவரா என்று கேட்டுவிட்டு, சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும். "என்ன, உடம்பு சரியில்லையா?", "இப்படி ஆயிட்டியே!" என்று தினம் ஒரு குரல் வரும். ஏற்றுக்கொள்வது ஒரு நாள் எடுக்கும் முடிவு என்று நினைத்திருந்தேன். அது பல் தேய்ப்பது மாதிரி, தினமும் செய்ய வேண்டியிருக்கிறது. சில நாள் செய்ய மனசு வருவதில்லை.

உதவியது ஒரு சின்னத் தகவல். முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்தக் கோணல் இல்லை. நம்மோடு பேசுகிறவர்கள் ஓரடியில் நிற்பதும் இல்லை. ஃபோனைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு நான் அழுத அழுகையில் பாதி லென்ஸுக்காக அழுதது.

பெக்கா லெவி என்ற உளவியல் ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. 50 வயதைக் கடந்த 660 பேரைப் பல வருடம் தொடர்ந்ததில், தங்கள் மூப்பைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரி 7.5 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். நினைப்பு ஆயுளைக் கூட்டியதா, ஆரோக்கியமாக இருந்தவர்கள் அப்படி நினைத்தார்களா என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் என் தினசரிப் பயிற்சிக்கு அது ஒரு தெம்பு.

அக்காவுக்கு நான் சொல்லும் வாதமும் இதுதான்: இந்த வழியிலிருந்து வெளியேறச் செலவே இல்லை. நாளைக்கே மனம் மாறி டை போடலாம், ஊசி போடலாம். மற்ற வழிகளிலிருந்து இங்கே வருவதுதான் கஷ்டம்.

ஒன்றும் செய்யாதது என்றால் பார்க்காமல் இருப்பது என்று அர்த்தமில்லை. வயதாகும் தோல் வறளும், அரிக்கும். குளித்து ஈரம் காய்வதற்குள் சாதாரண மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால் போதும். பிறகு, எல்லாமே வயது கிடையாது. கழுத்து மடிப்பு வெல்வெட் போலக் கறுத்துத் தடித்தால் அழுக்கு என்று தேய்க்காமல் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். மச்சம் வடிவம் மாறினால், உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாகக் கறுப்பு தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் நகத்தடியில் தொடங்கியது, 1981இல் 36 வயதில் இறந்துபோனார். முகத்துக்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிற நாம் காலை எடுத்துப் பார்க்கிறோமா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா டை பாக்கெட்டோடு வந்தாள். பின்னந்தலை அவளுக்கு எட்டாது. டையை நான் தொடக்கூடாது என்பதால் அவளே பூசினாள், நான் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே, இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கழுவி, உலர்த்தி, கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நின்றோம்.

"கோடு தெரியுதாடி?" என்றாள்.

"எந்தத் தலையில அக்கா?" என்றேன்.