65 மஸ்டாங் இன்ஜினுக்கு நீலம் அடிக்காத பட்டறை

என் 1965 ஃபோர்டு மஸ்டாங்கின் 289 கன அங்குல வி8 இன்ஜினைப் பழையபடி செய்து கொடுத்த பட்டறைக்காரர்கள் நிறத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பிளாக்கும் ஹெட்டும் கறுப்பு, வால்வு கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். இன்ஜினுக்கு ஃபோர்டு கம்பெனி அடிக்கும் நீலம் 1966 மாடலில்தான் வந்தது, ஆனால் 65 வண்டிக்கும் நீலத்தையே அடித்து வைக்கிறவர்கள் நிறைய, பார்த்தாலே எரிச்சல் வரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் பெயிண்ட் இல்லாமல் வெறும் வார்ப்பிரும்பாகவே விட்டிருக்கிறார்கள். அதுதான் சரி.

வெளியே தெரியாத இடத்தில் பிடிவாதம் பிடிக்கவில்லை. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ஆயில் கசியாமல் தடுக்கும் அந்தக் காலத்துக் கயிறு சீலை எடுத்துவிட்டு ரப்பர் சீல், ஈயமில்லாத பெட்ரோலில் தேய்ந்து போகாத கடினமான வால்வு சீட். இப்போது தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

குறை? ரேடியேட்டர் ஹோஸில் டவர் கிளாம்ப் (திருகுப் பகுதி கோபுரம் போல் மேலே நிற்கும் பழைய வகை) இருக்க வேண்டிய இடத்தில் இன்றைய சாதாரண திருகு கிளாம்ப். கேட்டால், "யார் சார் பார்க்கப் போறாங்க?" என்கிறார்கள். நான் பார்ப்பேனே! அப்புறம் நானே தேடி வாங்கி மாட்டினேன். கூலியும் கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் அடுத்து ஆட்டோலைட் கார்புரேட்டரையும் இவர்களிடமே கொடுக்கப் போகிறேன்.