பொலோனியாவா, பதுவாவா?

இத்தாலியின் பழம்பெரும் பல்கலைக்கழக நகரம் ஒன்றைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், நான் பதுவா பக்கம். பொலோனியா பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும், ஐரோப்பாவின் மூத்த பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. பதுவா பல்கலைக்கழகமே 1222-இல் அங்கிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கியதுதான்.

நடப்பதற்கு என்றால் பொலோனியாவை அடித்துக்கொள்ள ஊரில்லை. தெருவுக்குத் தெரு தூண் வைத்த நடைக்கூடங்கள். பழைய நகருக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர். மழை பெய்தாலும் நனையாமல் ஊரைச் சுற்றலாம். ரயில் நிலையத்திலிருந்து மையச் சதுக்கத்துக்கு இருபது நிமிட நடைதான், பஸ் தேடவே வேண்டாம். மாதா கோயில் இருக்கும் சான் லூக்கா குன்றுக்கு மட்டும் மெலொன்செல்லோ வளைவு வரை பஸ்ஸில் போய், அப்புறம் ஏறுங்கள். விமான நிலையத்திலிருந்து மோனோரயில் ஏழெட்டு நிமிடத்தில் ரயில் நிலையத்தில் விட்டுவிடும். கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

பதுவாவிலும் நடைக்கூடங்கள் உண்டு, இந்த அளவுக்கு இல்லை. அந்தக் குறையை டிராம் தீர்த்துவைக்கிறது. ரப்பர் டயரில், தரையில் பதித்த ஒற்றைத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டி. நிலையத்தில் ஏறினால் ஓவியர் ஜோத்தோ சுவரோவியங்கள் தீட்டிய ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம், பல்கலைக்கழகத்தின் போ மாளிகை, புனித அந்தோணியார் பேராலயம் எல்லாம் ஒரே தடத்தில் வந்துவிடும். நம் ஊரில் ‘கோடி அற்புதர்’ என்று கும்பிடுகிற அதே அந்தோணியாரின் கல்லறை அங்கேதான். சிற்றாலயத்துக்கு முன்பதிவு கட்டாயம். ஓவியங்களுக்கு ஈரம் ஏறக்கூடாது என்று முதலில் கண்ணாடி அறையில் பதினைந்து நிமிடம் உட்காரவைப்பார்கள். வழக்கமாக உள்ளே நிற்கவும் அதே பதினைந்து நிமிடம்தான்.

என்னைப் பதுவா பக்கம் சாய்த்தது உடற்கூறு அரங்கம், அதாவது அந்தக் காலத்தில் பிணத்தை அறுத்துக் காட்டி மாணவர்களுக்குப் பாடம் நடத்திய கூடம். பொலோனியாவின் அரங்கம் 1637-இல் அமைந்தது. நடுவில் பளிங்கு மேசை, சுற்றிலும் மரச்சிற்பங்கள், கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் 1944 குண்டுவீச்சில் நொறுங்கி, மீட்ட துண்டுகளோடு திரும்பக் கட்டியது. பதுவாவின் அரங்கம் 1595-ஆம் வருடத்தது. முட்டை வடிவில் ஆறு அடுக்கு, செங்குத்தாக, ஆள் ஒடுங்கி நிற்கிற அகலம். வழிகாட்டியோடுதான் போக முடியும். அதுவும் அடியில், பிணம் கிடத்திய இடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி 1602-இல் பட்டம் வாங்கியது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். கலிலியோ பதினெட்டு வருடம் பாடம் நடத்தியதும் இங்கேதான்.

சிற்றாலயத்துக்கு டிக்கெட் கிடைக்காமல், மழையும் பிடித்துக்கொண்டால், யோசிக்காமல் பொலோனியாவுக்குப் போய்விடுங்கள். வேக ரயிலில் ஒரு மணி நேரம்தான்.