நான்கு ஆறுகளா, இரண்டா? இமாச்சலில் ஒரு வார டிரவுட் பயணம்

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு டிரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிக்க இமாச்சல் போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும்: பாரோட்டில் ஊல், பஞ்சார் பக்கம் தீர்த்தன், ரோஹ்ருவில் பப்பர், சாங்ளாவில் பாஸ்பா. நாலும் நல்ல ஆறுகள்தான். நாலையும் ஒரே வாரத்தில் சுற்றிவிடலாம் என்று நினைப்பதில்தான் பயணம் கெடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரவுட் நன்றாகக் கடிப்பது வெயில் தண்ணீரில் முழுசாக இறங்குவதற்கு முன்பும், மாலை நாலு மணிக்கு அப்புறமும். நாளுக்கு இரண்டு வேளை என்றால் வாரத்துக்குப் பதினான்கு. சண்டிகரிலிருந்து மலை ஏறும் நாளும் திரும்ப இறங்கும் நாளும் போனால் மிச்சம் பத்து. பாரோட்டிலிருந்து தீர்த்தனுக்கு மாற ஒரு வேளை போகும். தீர்த்தனிலிருந்து ஜலோரி கணவாய் ஏறி, நார்கண்டா வழியாக ரோஹ்ரு சேர ஒரு முழுப் பகல். அங்கிருந்து சாங்ளாவுக்கு இன்னொரு பகல். கடைசியில் நாலு ஆற்றுக்கும் சேர்த்து ஐந்து வேளைதான் கிடைக்கிறது. ஒரு மடுவில் மீன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு வேளை வேண்டும்.

அதனால் நான் இதை இரண்டு ஜோடிகளாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். மேற்கே ஊலும் தீர்த்தனும்: ஒன்பது வேளை. கிழக்கே பப்பரும் பாஸ்பாவும்: எட்டு வேளை. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீரிலும் பருவத்திலும் சாலையிலும்தான் வித்தியாசம்.

முதலில் தீர்த்தன், ஏனென்றால் என் மனசு அங்கேதான் இருக்கிறது. கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவின் உயரங்களில் பிறந்து, குஷைனி, பஞ்சார் வழியாக ஓடி, லார்ஜியில் பியாஸில் கலக்கிறது. இந்த ஆற்றில் அணை கட்ட வந்த நீர்மின் திட்டங்களை எதிர்த்து, முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப் தலைமையில் பள்ளத்தாக்கு மக்கள் போராடித் தடுத்தார்கள். அவர்கள் வாதங்களில் டிரவுட்டும் ஒன்று. இன்றைக்கு அங்கே தண்ணீர் அதன் போக்கில் வருகிறது என்றால், அதற்கு அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மீன் இந்த மண்ணுடையது அல்ல. 1909-ல் ஹோவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி குல்லு பள்ளத்தாக்கில் மஹிலி என்ற இடத்தில் பொரிப்பகம் தொடங்கி, காஷ்மீரிலிருந்து வந்த முட்டைகளைப் பொரிக்க வைத்தார். அப்படி வந்த பிரவுன் டிரவுட் என்ற வகை இங்கே வேர்பிடித்துவிட்டது.

தீர்த்தனில் பிடிப்பது பாறைக்குப் பாறை நடக்கும் வேலை. மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்துத்தான் நிற்கும். அதனால் கீழேயிருந்து மேலே ஏற வேண்டும். போன அக்டோபரில் குஷைனிக்குச் சற்று மேலே, மாட்டுவண்டி அளவு இருக்கும் ஒரு பாறை. அதன் பின்னால் சுழி விழாமல் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. முதல் வீச்சு தள்ளி விழுந்தது. இரண்டாவதில் ஸ்பின்னர், அதாவது தண்ணீரில் சுழன்று மின்னும் உலோகப் பொய்யிரை, பாறையின் ஓரத்தை உரசிக்கொண்டு இறங்கியது. கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன், தூண்டில் நரம்பு சட்டென்று விறைத்தது. வெளியே வந்தது ஒரு சாண் மீன்தான். ஆனால் அந்த வெண்ணெய் நிற வயிறும், முதுகில் கறுப்புப் பொட்டும், விலாவில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் பொட்டும்! கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டிருந்தேன். செவுள் நாலு தடவை விரிந்து மூடியது. அப்புறம் ஒரு துள்ளல், போய்விட்டது.

ஊல் வேறு மாதிரி. மண்டி–பதான்கோட் சாலையில் கட்டாசனியில் பிரிந்து, ஜட்டிங்ரி வழியாகப் பாரோட் இறங்குகிறீர்கள். 1932-ல் இயங்கத் தொடங்கிய ஷானன் மின் நிலையத்துக்காக ஊல் ஆற்றையும் லம்பாடக் ஓடையையும் இங்கேதான் தேக்கி, மலையைக் குடைந்து ஜோகிந்தர்நகருக்குத் திருப்பினார்கள். தேக்கத்துக்கு மேலே ஆறு அகலம், கரையில் நடக்கச் சுலபம், மீன்வளத் துறைப் பண்ணையும் ஊரிலேயே இருக்கிறது. முதல் தடவை தூண்டில் எடுப்பவருக்குத் தீர்த்தனைவிடப் பாரோட் கைகொடுக்கும். தேக்கத்துக்குக் கீழே போகாதீர்கள். அங்கே தண்ணீர் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று முக்கியமானது: அணைக்குக் கீழே ஆற்றுக்குள் நிற்பது எங்கேயுமே கூடாது. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில், ஹைதராபாதிலிருந்து சுற்றுலா வந்திருந்த 24 பொறியியல் மாணவர்கள் பியாஸில் அடித்துக்கொண்டு போய் இறந்தார்கள். பாஸ்பாவிலும் குப்பா தடுப்பணைக்குக் கீழே இதே எச்சரிக்கைதான்.

கிழக்கு ஜோடிக்கு வருவோம். பப்பரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ரோஹ்ருவுக்கு மேலே சிர்காவ் பக்கம் நல்ல மடுக்கள் உண்டு, ஆனால் சாலை ஆற்றை ஒட்டியே ஓடுவதால் தனிமை குறைவு. ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த வழி முழுக்க ஆப்பிள் லாரிகள். பாஸ்பாதான் இந்த ஜோடியின் உயிர். சாங்ளாவிலிருந்து ரக்சம், சித்குல் வரை பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிறது. பின்னால் மரக்கிளை இல்லாததால், பூச்சி மாதிரி கட்டிய ஃபிளை என்ற பொய்யிரையைப் பின்னுக்கு ஓங்கி வீசுபவருக்கு அதுதான் சொர்க்கம். நாலாம் எண் ஃபிளை ராட் ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும். தீர்த்தனின் நெருக்கத்தில் அதே ஃபிளை ஆல்டர் மரக்கிளையில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அங்கே ஆறரை அடி ஸ்பின்னிங் ராட், மெல்லிய தங்கூஸ் நரம்பு, ஒன்றாம் அல்லது இரண்டாம் எண் ஸ்பின்னர் போதும். ஆனால் பாஸ்பாவில் ஓடுவது பனியாற்றுத் தண்ணீர், எலும்பைக் கடிக்கும் குளிர். சட்லெஜ் ஓரமாகப் போகும் கின்னௌர் சாலையில் மண் சரிந்தால் உங்கள் எட்டு வேளை நாலாகிவிடும்.

பருவம் இந்த முடிவை இன்னும் எளிதாக்குகிறது. டிரவுட் முட்டையிடும் காலம் என்பதால் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை இமாச்சலில் பிடிக்கத் தடை. மார்ச், ஏப்ரலில் தீர்த்தன் தெளிவாக இருக்கும். அப்போது பாஸ்பா பக்கம் இன்னும் பனி. ஒருமுறை மே கடைசியில் அங்கே போய் நான் பட்டிருக்கிறேன்: பனி உருகி, ஆறு சிமெண்ட் கரைத்த நிறத்தில் ஓடியது. மூன்று நாள் ஸ்பின்னர் வீசினேன், ஒரு கடி இல்லை. ஜூலை, ஆகஸ்டில் மழை. 2023 ஜூலை வெள்ளம் குல்லு பகுதியை என்ன செய்தது என்று எல்லாரும் பார்த்தோம். ஆக, வசந்தத்தில் போகிறவருக்கு மேற்கு ஜோடி மட்டும்தான். அக்டோபரில் இரண்டும் திறந்திருக்கும். அப்போதும் முதல் தடவை என்றால் மேற்குக்கே போங்கள். இரண்டாவது பயணத்தில், ஃபிளை கையில் பழகியபின், பாஸ்பா. அக்டோபரில் பெண்மீன் வயிற்றில் முட்டை இருக்கும், எல்லாவற்றையும் திரும்ப விடுங்கள். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளைக் குறட்டால் அழுத்தி மட்டமாக்கிவிட்டால் மீனுக்குக் காயம் குறையும். சாப்பிட வேண்டுமென்றால் பண்ணை ரெயின்போ டிரவுட் தாராளமாகக் கிடைக்கிறது.

மேற்கு என்று முடிவானால், முதலில் பாரோட், அப்புறம் தீர்த்தன் என்ற வரிசையில் போங்கள். பாரோட்டில் இரண்டு நாள் கையைப் பழக்கிக்கொண்டால் தீர்த்தனின் உஷார் மீன்களிடம் தோற்காமல் இருக்கலாம். மாறும் நாளில் காலை வேளையைப் பாரோட்டில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள், இருட்டுவதற்குள் குஷைனி வந்துவிடும். மீன்வளத் துறையின் நாள் லைசென்ஸை ஆற்றில் கால் வைப்பதற்கு முன்பே வாங்கி, பாலிதீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். திரும்பும் விமானத்தை மட்டும் ஏழாம் நாள் சாயங்காலத்துக்குப் போடாதீர்கள். எட்டாம் நாள் காலைக்குப் போட்டால், ஏழாம் நாள் விடியலில் அந்தப் பாறைக்குப் பின்னால் இன்னொரு வீச்சுக்கு நேரம் இருக்கும்.