பரோக் காலப் பென்சில் ஓவியம் என்று சொன்னால் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

ஆம்ஸ்டர்டாமில் ஒரு பழம்பொருள் கடையில், 17ஆம் நூற்றாண்டு அசல் என்று சொல்லி எனக்கு ஒரு பென்சில் ஓவியத்தை விற்றார்கள். அதில் ஒரு படைவீரன்: தோளில் மஸ்கெட் துப்பாக்கி, மார்புக்குக் குறுக்கே வெடிமருந்துக் குப்பிகள் தொங்கும் வார், இறகு செருகிய அகலத் தொப்பி. அச்சிடுவதற்காகச் செப்புத்தகட்டில் செதுக்குவதற்கு முன் ஓவியரே போட்ட மாதிரி வரைவு என்றார் கடைக்காரர். படச்சட்டத்தின் பின்பக்கம் பழுப்புத்தாள் ஒட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். கழற்றிக் காட்டச் சொன்னேன். முத்திரை உடைந்தால் உத்தரவாதம் போய்விடும் என்றார். மோசடியின் சூட்சுமமே அந்த முத்திரைதான்.

வீட்டில் பிரித்தேன். அந்தக் காலத்துக் கைத்தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கம்பிச் சல்லடையின் தடம் நெருக்கமான வரிகளாகத் தெரியும். இதில் ஒரு வரிகூட இல்லை. வரியில்லாத தாள் ஐரோப்பாவில் வந்ததே 1750களில். படத்தைச் சுற்றி வைத்த மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரமும் வெளிச்சம் பட்ட நடுப்பகுதியும் வேறுபாடே இல்லாமல் ஒரே பழுப்பு. முன்பக்கம் முழுக்கத் தேநீர்ச் சாயம் தடவியிருக்கிறார்கள். சாயம் படாத பின்பக்கம் புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னியது. தாளை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் காகிதத்தில் பரவலாகச் சேர்ந்தது.

பென்சில் என்பதால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் போரோடேலில் 16ஆம் நூற்றாண்டிலேயே பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டை எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் டேவிட் லோகன் அதைக் கொண்டு தோல்தாளில் அருமையான சிறு உருவப்படங்கள் வரைந்திருக்கிறார். ஆனால் முழு ஆளை வரைய அன்றைய ஓவியர்கள் பெரும்பாலும் எடுத்தது சிவப்பு அல்லது கறுப்புச் சுண்ணம், இல்லாவிட்டால் இறகுப்பேனாவும் மையும்.

அப்புறம் உருவத்தையே தேடினேன். டச்சு ஓவியர் யாகோப் டெ கெய்னின் ஆயுதப் பயிற்சிப் புத்தகம் 1607இல் வந்தது, 117 படங்கள். அதில் ஒருவன் அச்சு அசலாக இவன்தான், முழங்கால் நாடா முடிச்சு வரைக்கும்! செதுக்கி அச்சிட்டால் உருவம் பொதுவாக இடவலம் மாறும். இவனோ அச்சில் இருப்பவன் பார்க்கும் அதே பக்கம் பார்க்கிறான். அச்சுப் படத்தை வைத்துக்கொண்டு யாரோ பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

திரும்பக் கொண்டுபோனால், முத்திரையை உடைத்துவிட்டீர்கள், பணம் தர முடியாது என்கிறார். கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன். அதே சுவரில் ஈட்டிக்காரன் ஒருவனும் அதே முத்திரையோடு தொங்குகிறான். அங்கே வாங்க நினைப்பவர்கள் முதலில் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.